சாவி போட்ட கறுப்புத் துணி

குமாசி,
மார்ச் 4

டூஃபியேவுக்கு,

பிராகோ எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் ஜெபித்து வருகிறேன். பொய் இல்லை. நீ நலமாக இருந்தால்தான் நான் செய்யப்போவதை எல்லாம் உன் கண்ணாலேயே பார்க்க முடியும். கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சொல்லை உன்மேல் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். என்ன செய்வது, போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். நம் இணையப் பக்கத்தில், மன்னிக்கவும், இப்போது உன் பக்கத்தில், நான் எழுதினால் உனக்கு வந்து சேராது. அக்ரா பேருந்து ஓட்டுகிற ஒபெங் அண்ணனை மட்டும் உன்னால் தடுக்க முடியாது. அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவர் படித்துவிட்டார் என்று வைத்துக்கொள். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அந்தப் பக்கத்தில் சேர்ந்திருக்கிற இருபத்தாறாயிரம் பேரிடம் வேறு மாதிரி சொல்லிச் சொல்லி, உனக்கே அது உண்மை என்று தோன்ற ஆரம்பித்திருக்கும். அதனால் எழுதிவைக்கிறேன்.

கெஜெட்டியா சந்தையில் கடை என்னுடையது. படம் பிடித்துப் போனில் போட்டு ஆட்களை இழுக்கிற சாமர்த்தியம் உன்னுடையது. இரண்டையும் சேர்த்து ‘எல்லோருக்கும் எல்லாம்’ என்று பக்கம் தொடங்கினோம். ஆறு வருடம். மதியம் உன் அம்மா கொடுத்துவிடுகிற ஃபுஃபுக் களியை ஒரே சட்டியில் கை போட்டுச் சாப்பிட்டோம். முதலில் துணி விற்றோம். அப்புறம் குழந்தைச் சட்டை, அப்புறம் சவுரி, அப்புறம் செருப்பு, கடைசியில் சம்பந்தமே இல்லாமல் சமையல் பாத்திரம். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் நான் போதும் என்றேன். “உடம்புன்னு ஒண்ணு இருக்கிறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்டி” என்பாய் நீ. நமக்கு நன்றாகத் தெரிந்தது துக்கத் துணிதான், அதை மட்டும் விற்போம், அதைத் தேடுகிறவர்களிடம் மட்டும் பேசுவோம் என்று நான் ஒரு நாள் சொன்னேன். “சாவு வீட்டை மட்டும் நம்பிப் பிழைக்க நீ என்ன கழுகா?” என்று கேட்டாய். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பிறகு அந்தச் சிவப்புத் துக்கத் துணி. யார் வேண்டுமானாலும் வாங்குகிற விலையில் வேண்டும் என்று, துறைமுகத்தில் பெயர் தெரியாத ஒருவனிடம் அறுபது கட்டு பிடித்துவந்தவள் நீ. ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, விரலில் சாயம் வருகிறது, வேண்டாம் என்று சொன்னவள் நான். நீ விற்றாய். மாம்போங்கில் சாவுக் கூட்டத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. இறந்தவருடைய மகள்கள் நான்கு பேரின் கையிலும் கழுத்திலும் சிவப்பு வழிந்து ஓடியது. அதைப் பத்துப் பேர் படம் பிடித்துப் போட்டார்கள். மறுநாள் நம் பக்கத்தில் நீ எழுதினாய்: அந்தத் துணியை வாங்கிவந்தது பிராகோ, அவளை வெளியேற்றிவிட்டேன், இனி நம்பி வாங்கலாம் என்று. பதில் எழுதலாம் என்று நான் உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. நீ அக்ராவுக்கு பஸ் ஏறியிருந்தாய்.

ஏழு மாதம் ஆகிறது. சந்தையில் இன்னும் என்னைக் கைகாட்டி, துக்க வீட்டில் மானத்தை வாங்கினவள் இவள்தான் என்று சொல்கிறார்கள். வேறு எந்தத் தொழிலாக இருந்தாலும் பரவாயில்லை. துக்கத் துணி விற்கிறவளுக்குப் பெயர் போனால் எல்லாம் போயிற்று. என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடு, உண்மையை எழுது என்று மூன்று ஆட்களிடம் சொல்லி அனுப்பினேன். நீ சிரித்தாயாம்.

சரி, இப்போது என் செய்தி. நானும் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். ‘கறுப்பும் சிவப்பும்’ என்று பெயர். துக்கத் துணி தவிர ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. முதல் மாதம் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள், அதில் பாதி என் சித்தி பெரியம்மா பெற்ற மக்கள். நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். ஆனால் மேலே படி.

ஹாம்பர்க்கில் ஒரு பையன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அப்பாவை அடக்கம் செய்ய ஊருக்கு வருகிறான். குடும்பத்துக்கு நாற்பது பேருக்குச் சிவப்பு வேண்டும் என்று கேட்டான். நான் முதல் கேள்வியாக, போனவருக்கு என்ன வயது என்று கேட்டேன். தொண்ணூற்றொன்று என்றான். “அந்த வயசுல போனவருக்கு வெள்ளையும் கறுப்பும்தான் கட்டணும் தம்பி. சிவப்பு கட்டினா, இன்னும் எத்தனை வருஷம் வாழணும்னு கேட்டு அழுறீங்கன்னு ஊர் சிரிக்கும்” என்றேன். அப்புறம் சொல்கிறான், அக்ராவில் ஒரு அக்காவிடம் ஏற்கெனவே சிவப்புக்குச் சொல்லிவிட்டேன், அவர் எத்தனை கெஜம் என்று மட்டும்தான் கேட்டார் என்று. எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. அந்த நாற்பது பேர் உன்னிடமிருந்து கைநழுவிப் போனதற்குக் காரணம் தெரியாமல் நீ தலையைச் சொறிந்துகொண்டிருப்பாய் அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன். அவனுடைய சபைக்காரர்கள் இப்போது வரிசையாக என்னிடம் வருகிறார்கள்.

உன் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. அஜேவா அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. எங்கள் வரிசையின் கோடியில் புகைபோட்ட மீன் தட்டை விரித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால்தான் முன்போல் இல்லை. நீ செய்ததை நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் பெயரை நான் எங்கும் எடுக்க மாட்டேன், டூஃபியே. மற்றவர்களை எடுக்க வைக்கிறேன். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பிராகோ


குமாசி,
ஜூலை 19

டூஃபியேவுக்கு,

நலம். உன் நலத்தைத் தினமும் உன் பக்கத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. முந்தின கடிதத்தை நீ பிரித்துப் படித்துவிட்டு, “பைத்தியக்காரி” என்றாய் என்று ஒபெங் அண்ணன் சொன்னார். படித்தாயே, அது போதும்.

இங்கே மழை. இந்த முறை யாருடைய கையிலும் சாயம் வழியவில்லை. என் பக்கத்தில் ஆயிரத்து நூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். உனக்கு அது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துக் கூட்டம். ஆனால் உன் இருபத்தாறாயிரம் பேரில் சவுரி பார்க்க வருகிறவள் பாத்திரத்தைப் பார்ப்பதில்லை, பாத்திரத்துக்கு வந்தவள் துணியைப் பார்ப்பதில்லை. என் ஆயிரத்து நூறு பேரும் ஒரே ஒரு காரியத்துக்காக வருகிறார்கள். ஒருத்தி வீட்டில் சாவு என்றால் மற்றவள் என் பெயரைச் சொல்கிறாள். கழுகு பிழைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்.

இப்போது முக்கியமான செய்தி. மே மாதம் ஆலையிலிருந்து ஒரு புதுத் துணி வந்தது. அடர்ந்த கறுப்பு, அதில் காய்ந்த ரத்தச் சிவப்பில் சாவி சாவியாகப் போட்டிருக்கும். உனக்குத்தான் தெரியுமே, நம் சந்தையில் ஒரு துணிக்குப் பெயர் விழும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆலைக்காரன் போட்ட எண்ணைச் சொல்லி எவள் கேட்கப் போகிறாள்? எங்கள் வரிசையில் துக்கத் துணி தவிர வேறு எதுவும் வைக்காதவள் நான் ஒருத்திதான் என்பதால், பெயர் வைக்கிற வேலை என்னிடம் வந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் துணியை உதறி விரித்து, ‘ஒரே சட்டியில் உண்டவள் கதவைப் பூட்டினாள்’ என்று சொன்னேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள், நீ முன்பு உட்கார்ந்த முக்காலியைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. சாயம் வழிந்த துணியை வாங்கினவள் யார் என்று அன்றைக்குத்தான் சிலருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்திருக்கும். மறுநாளே அந்தப் பெயர் மீன் வரிசைவரை போயிருந்தது.

உன்னைக் குத்தத்தான் வைத்தேன். அது எங்கெங்கோ போய்ப் பாயும் என்று எனக்கே தெரியாது. சுவாமேயில் தகீவா என்று ஒரு பெண். புருஷன் போன மறுநாளே அவன் கூடப்பிறந்தவர்கள் அவள் படுக்கை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆறு வருடம் சமைத்துப் போட்டவள் அவள். நாற்பதாம் நாள் இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாளாம். கூட்டத்தில் எல்லோருக்கும் துணியின் பெயர் தெரியும். நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். அந்தப் படம் என் பக்கத்துக்கு வந்த பிறகு எனக்குத் துணி வெட்டக் கை போதவில்லை. புருஷன் வீட்டார் கதவைப் பூட்டிய விதவைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இதற்கு முன் யார் எண்ணிப் பார்த்தார்கள்? குமாசியில் கேட்கிறார்கள், சுன்யானியிலிருந்து கேட்கிறார்கள், டொரண்டோவிலிருந்து கேட்கிறார்கள்.

அப்புறம் உன்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். என்னிடம் செருப்பு கேட்டால் இல்லை என்பேன். நீ யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்ல முடியாதே, பக்கத்துக்கு வைத்த பெயர் அப்படி. முதலில் ‘சாவி போட்ட கறுப்புத் துணி’ என்று போட்டாய். கீழே பெண்கள், “சரியான பேரைச் சொல்லுங்க அக்கா, இது அதானா வேறயா?” என்று விடாமல் கேட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாய். மூன்றாம் நாள் உன் கையாலேயே முழுப் பெயரையும் எழுதினாய். யாரோ ஒரு வெகுளி, யாரைப் பத்தி வச்ச பேரு அக்கா இது என்று கேட்டிருந்தாள். “யாருன்னு தெரியலம்மா, ஆனா துணி நல்லா ஓடுது” என்று எழுதியிருந்தாய்.

அதை அச்செடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். இதைவிட நான் சந்தோஷமாக இருந்த நாள் என் கல்யாண நாளாகக்கூட இருக்காது.

உன் அம்மா போன வாரம் படியில் தடுக்கி உட்கார்ந்துவிட்டாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லிப் போனில் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால், நீ டாக்டரா என்கிறாள்.

உண்மையை எழுதிவிடு, பெயரை மாற்றிவிடுகிறேன். எழுத மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். உன் வியாபாரம் பெருகட்டும், அந்தத் துணி உனக்கு நிறைய விற்கட்டும்.

இப்படிக்கு,
பிராகோ


குமாசி,
அக்டோபர் 12

டூஃபியே,

அஜேவா அம்மா போய்ச் சேர்ந்ததை அவள் தம்பி போன்சு மாமா உனக்குப் போனில் சொன்னதும் நீ தரையில் விழுந்து அழுதாய் என்று கேள்விப்பட்டேன். அழு. அவளுக்கு அழாமல் யாருக்கு அழுவது. நானும் அழுதேன். உன்னோடு சேர்ந்து அழ வேண்டிய இடத்தில் தனியாக அழ வைத்ததற்கும் சேர்த்து உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

இன்னொரு விஷயமும் மாமா உன்னிடம் சொல்லியிருப்பார். அம்மா ஒரு துணியைத் தைத்து ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதை உடுத்தாமல் பிணவறையிலிருந்து தன்னை வெளியே எடுக்கக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று. கிடத்துவதற்கான துணிமணியை மகள்தான் கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம், அதனால் நீதான் போய் வாங்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அது என் கடையில் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நிரம்பிக் கிடந்த நேரத்தில், மீன் தட்டை அடுத்தவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா என் கடைக்கு வந்தாள். நீ உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தாள். “அந்தச் சாவித் துணியில ஆறு கெஜம் வெட்டு” என்றாள். தீர்ந்துவிட்டது என்றேன். என் பின்னால் இருந்த கட்டைக் காட்டி, “எனக்கு முழங்கால்தான் போச்சு, கண்ணு போகல” என்றாள். எடுத்துப் போட்டேன். பெயர் என்ன என்று கேட்டாள். சாவித் துணி என்றேன். முழுப் பெயரையும் சொல்லச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“பூட்டினவ பேரு?” என்றாள்.

ஊர் முழுக்கச் சொல்ல வைத்த நான், உன்னைப் பெற்றவள் முன்னால் துணியை அளக்கக் குனிந்தேன். அம்மா அச்செடுத்து மாட்டியிருந்த காகிதத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆனால் மேலே இருந்த படத்தில் உன் முகம் இருந்தது. “அஞ்சு மாசமா என் மக படத்தை மாட்டி வச்சிருக்கே. நல்லதுக்கு மாட்டியிருக்கேன்னு நெனச்சு, போற வர ஆளுககிட்ட எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்” என்றாள். ஐந்து மாதம் இல்லை, ஒரு மாதம்தான். நான் திருத்தவில்லை.

அந்தத் துணியில் கபாச் சட்டையும் பாவாடையும் தைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு சபைக்குப் போனாள். துக்கமும் இல்லாமல் எதற்கு இது என்று கேட்டவர்களிடம், “என் மக பேருல வந்த துணி, நான் உடுத்தாம யாரு உடுத்துறது?” என்று சொன்னாளாம். மீன் தட்டின் முன்னாலும் அதையே உடுத்தி உட்கார்ந்தாள். நான் அவளைக் கடக்க வேண்டியிருந்தால் காய்கறி வரிசையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். உன்னை அவமானப்படுத்த நான் இட்ட பெயரை உன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், டூஃபியே. எனக்கு அவள்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? என் கையில் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாளே என்று.

கழற்றிவிடு அம்மா என்று போய்க் கெஞ்சினேன். “நீ ஒருத்தியக் குறிவச்ச. துணி எல்லாத்து மேலயும்தானே படும்” என்றாள். பிறகு மீன் பேரம் பேசுகிற அதே குரலில் என்னிடம் பேரம் பேசினாள். “நான் செத்தா என்னை இதுலதான் கிடத்தணும். இந்தப் பேரு என்னோட குழிக்குள்ள வரட்டும். அப்புறம் நீ இந்தப் பேரைச் சொல்லி விக்கக் கூடாது.” எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஆமாம், வெட்கமில்லாமல் கேட்டேன். நீ உண்மையை எழுதுவாய் என்றாள், அந்த இருபத்தாறாயிரம் பேருக்கும் தெரிய. எழுதாவிட்டால் என்றேன்.

“எழுதலன்னா துணியக் கொடுக்காதே. நான் ஐஸ்லயே கெடந்துக்கிறேன்.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கே துணியைத் துவைத்து, மடித்து, பழைய கோதுமை மாவு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். போன்சு மாமாவிடமும் சொல்லிவிட்டாள். ஆறு வாரம்தான். போன வியாழக்கிழமை காலை மீன் தட்டைத் தூக்கும்போது சாய்ந்தாள். டாக்ஸியில் நானும் மீன்காரிகள் இரண்டு பேரும் ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. மாத்திரை போட்டாளா இல்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நேற்று போன்சு மாமா கடைக்கு வந்தார். “என் அக்காவ ஐஸ்ல படுக்க வச்சுட்டு ரெண்டு பொம்பளைங்க சண்டை போடுறீங்களா?” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். நான் வைக்கவில்லை, அவளே அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள் என்றேன். அதனால் அவர் கோபம் குறையவில்லை. நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை அடக்கம் என்று குடும்பம் முடிவு செய்திருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தொன்று. சிவப்பும் கறுப்பும்தான். குடும்பத்துக்கான துணியை நான் வெட்டி வைத்துவிட்டேன், சாயம் போகாதது, ஒவ்வொரு கட்டையும் நனைத்துப் பார்த்தேன்.

அந்த ஒரு துணியை மட்டும் ஒபெங் அண்ணனிடம் கொடுத்துவிட மாட்டேன். நீயே வர வேண்டும். காரில் வந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசலில் இறங்கி, அப்படியே திரும்பிப் போகிற வேலை வேண்டாம். பட்டப்பகலில், சந்தை கூடியிருக்கும்போது, மீன் வரிசை முனையில் இறங்கி, எங்கள் வரிசை முழுக்க நடந்து வா. ஒவ்வொரு கடைக்காரியும் உன்னைப் பார்க்கட்டும். காகிதத்தை நான் கழற்றிவிட்டேன், ஆனால் ஆணி அப்படியே இருக்கிறது, அதையும் பார். இவ்வளவும் எனக்கு வேண்டும். நான் உன்னை மன்னிக்கவில்லை, மன்னிப்பதாக உத்தேசமும் இல்லை.

அந்தப் பெயரைச் சொல்லி விற்பதை நிறுத்திவிட்டேன். தகீவா வந்து கேட்டாள், டொரண்டோவில் இருபது பேர் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ உன் பக்கத்தில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறாய். நிறுத்து. இப்போது அது உன் அம்மாவின் உடுப்பு.

பஸ்ஸில் முன் இருக்கை கேட்டு வாங்கு. மலைப்பாதையில் உனக்குத் தலை சுற்றும். வயிறு காலியாகவும் வராதே, இல்லை, காலியாகவே வா, இங்கே ஏதாவது செய்து வைக்கிறேன்.

வருவதற்கு முன்னால் எழுதிவிடு. நான்கு வரி போதும். சிவப்புத் துணியை வாங்கியவள் நான், பிராகோ வேண்டாம் என்றாள் என்று. இது மிரட்டல் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் மிரட்டலாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் அந்த மாவு உறையை எடுத்துப் பார்க்கிறேன், பிரித்து நீவி மறுபடி மடித்து வைக்கிறேன். அவள் அங்கே குளிரில் கிடக்கிறாள். எழுது, டூஃபியே, தயவுசெய்து எழுது. நீ எழுதாமலே நான் அதைக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பிராகோ